ஜாசின் சாலையில் நின்ற மோட்டார்

12 ஆகஸ்ட் 1957, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். வானம் கறுத்தது, பெய்யவில்லை.

மோட்டார் சைக்கிள் மறுபடி சூடு. ஜாசின் பக்கத் தோட்டங்களில் கொசு மருந்து அடித்ததைப் பார்வையிட்டுத் திரும்பும்போது ஏழாவது மைலில் இழுக்க மறுத்தது. இஞ்சினில் எச்சில் தொட்டு வைத்தால் சுர்ரென்கிறது. புகைக்குழாய் நீலம் பாரித்துவிட்டது. அரை மணி ஆறவிட்டேன். அப்புறம் ஒரே உதையில் கிளம்பியது.

அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை.

வீட்டில் கடிதம். தம்பினிலிருந்து மச்சான், சரசுவின் அண்ணன். நாலே வரி. "சரசு பிறந்த வீடு வந்து இரண்டு மாதம் ஆகிறது. நீங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சிரம்பானில் ஒரு பள்ளியில் அவளுக்கு ஆயா வேலை சொல்லியிருக்கிறார்கள். போகட்டுமா என்று என்னைக் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?"

இரண்டு தரம் படித்தேன். மடித்து வைத்துவிட்டு மூன்றாவது தரம்.

13, செவ்வாய்

சோறு குழைந்துவிட்டது. மூன்று சட்டை துவைத்தேன். பொத்தான் ஒன்று போச்சு.

மோட்டார் சரியானால் ஞாயிறு தம்பின் போகலாம். இந்தச் சூட்டோடு அலோர் காஜாகூடத் தாண்டாது.

மாலை 4. ராஜா பிள்ளை பட்டறை. இங்கே மலாக்காவில், காஜா பேராங்கிலேயே; செட்டி கம்பத்துக்காரர், பல தலைமுறைக்கு முன்பே வந்துவிட்ட தமிழர். நெற்றி நிறைய திருநீறு, பேச்சு முழுக்க மலாய். குனிந்து பார்த்தார். "பானாஸ் பெத்துல்." ரொம்பத்தான் சூடு. அது எனக்கே தெரியும். எண்ணெய் மாற்றினோம். பழையது தார் மாதிரி.

கிளேபாங் வரை ஓட்டிப் பார்த்தேன். கடல் காற்றிலும் சுர்.

14, புதன்

வேலை முடிந்ததும் நேரே பட்டறை. இஞ்சின் தலையைக் கழற்றினோம். உள்ளே கரி அப்பிக் கிடந்தது. அவர் மழுங்கிய கத்தியால் சுரண்ட, நான் மண்ணெண்ணெயில் கழுவினேன். கை நாற்றம் சோப்புப் போட்டும் போகவில்லை.

திரும்பப் பூட்டி ஓட்டினால் அதே சூடு.

15, வியாழன்

லீவு போட்டேன். இருப்புக் கொள்ளவில்லை. பண்டார் ஹிலிர் போய்ச் சும்மா திரும்பினேன். எங்கே பார்த்தாலும் மெர்டேக்கா, சுதந்திரப் பேச்சு, தோரணம்.

பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். "அப்பி லம்பாட்," என்றார். நெருப்புப் பொறி லேட்டாக விழுகிறதாம். பெட்ரோல் சிலிண்டருக்குள் எரிந்து முடியாமல் குழாய்வரை எரிந்துகொண்டே போகிறது. பொறி தரும் மேக்னெட்டோவின் பல்சக்கரம் நழுவியிருந்தது. சரியான இடத்தில் வைத்து முடுக்கினார். அவ்வளவுதான் வேலை.

கிளேபாங் போய் வந்தேன். மறுபடியும் போய் வந்தேன். எச்சில் சுர்ரென்னவில்லை.

சந்தோஷம் வரவேண்டும். குனிந்து டயரைத் தடவிப் பார்த்தேன்.

17, சனி

அக்கா வந்தாள், ஜாலான் பெண்டஹாராவிலிருந்து. துணிக்கடையை அத்தானிடம் விட்டுவிட்டு மீன் குழம்போடு.

"மோட்டார் சரியாயிடுச்சாமே. நாளைக்குப் போறியா?"

"டயர் தேஞ்சிருக்கு அக்கா. அதை மாத்திட்டு..."

"ஏன்டா, தம்பினுக்கு பஸ் ஓடலையா? ரெண்டு மாசமா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

குழம்பை ஊற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எழுதிவிடுகிறேன். ஜூனில் ஒரு நாள் ஜாசின் பக்கம் வேலையில் இருந்தபோது தோட்ட ஆபீசுக்கு டெலிபோன். சரசுவுக்கு ஏழாம் மாசமே வலி, மலாக்கா ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வரவும். கிளம்பினேன். ஏழாவது மைலில் மோட்டார் நின்றது. எல்லாரிடமும் அதைத்தான் சொன்னேன். நின்றது நிஜம். அரை மணியில் ஆறிவிட்டது, அதுவும் நிஜம். அதற்கு மேலும் இரண்டு மணி நேரம் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஒன்று போயிற்று. கை காட்டவில்லை. பயம். போய் எதைப் பார்க்க நேருமோ என்று.

போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அடக்கம் செய்ய மச்சான் குழந்தையைக் கொண்டுபோய்விட்டார். சரசு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "மோட்டார் நின்னுடுச்சு," என்றேன். அவள் திரும்பவில்லை.

18, ஞாயிறு. தம்பின்

காலை 7 மணிக்குக் கிளம்பினேன். வழியில் எங்கும் நிறுத்தவில்லை.

மச்சான், "வாங்க." அதோடு சரி. சரசு கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இளைத்துவிட்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி, இரண்டு மணி, பஸ்.

கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். சொட்டு நின்ற பிறகும்.

"கொஞ்ச நேரம் என் பக்கத்துலதான் வெச்சிருந்தாங்க. வந்திருந்தா பாத்திருக்கலாம்."

அப்புறம், "பையனா பொண்ணான்னுகூட நீங்க இதுவரைக்கும் கேக்கலை."

கேட்டேன். 

"பொண்ணு. தலை நெறைய முடி."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் தொடவில்லை. உள்ளே போகவும் இல்லை.

சிரம்பான் வேலை பற்றிக் கேட்டேன். "அதை அப்புறம் சொல்றேன். முதல்ல அவளை எங்க வெச்சாங்கன்னு பாக்கணும். நானும் பாக்கலை."

மச்சான் ஒரு தாளில் மலாக்கா மயானத்துக்குள் போகும் வழியை வரைந்து கொடுத்தார். சரசு சேலை மாற்றுகிறாள். வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கூப்பிடுகிறாள்.