உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?

ஜூன் 9

பெரியவளின் அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நாலு வார்த்தை பேசுவதற்குள் நமக்குச் சண்டை வந்துவிடும், நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் பெரியவளுக்குக் கல்யாணம். சீனாவில் அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலேயே சங்கீதம் சொல்லிக்கொடுக்கிற பையன். அந்த ஊர்க்காரன்தான். செப்டம்பர் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். அப்போதுதான் அங்கே வெயில் தணிந்து இலையுதிர்காலம் தொடங்குமாம். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களெல்லாம் மஞ்சளாக நிற்குமாம். “தலையைக் காட்டிட்டு ஓடிப்போறதெல்லாம் கிடையாது. பத்து நாள் இருந்து எல்லாம் பார்த்துட்டுத்தான் போகணும்” என்கிறாள்.

கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டாம். மணமக்கள் மண்டியிட்டு, இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் தேநீர் கொடுப்பார்களாம். பெற்றோர் ஜோடியாக உட்கார்ந்து வாங்கிக் குடிக்க வேண்டும். “ஒரு நாற்காலி காலியா இருக்கக் கூடாதும்மா. அப்பாகிட்ட நீயே கேளு” என்றாள்.

கேட்கிறேன். வருவீர்களா? உங்கள் பாஸ்போர்ட் உயிரோடு இருக்கிறதா, எலி தின்றுவிட்டதா என்பதையும் எழுதவும்.

இப்படிக்கு,
பெரியவளின் அம்மா


ஜூன் 21

மேஸ்திரிக்கு,

பழைய பட்டப்பெயர்தான் கைக்கு வருகிறது. பிடிக்காவிட்டால் அடித்துவிட்டுப் படி.

உன் கடிதத்தை மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் அறையில் உட்கார்ந்து படித்தேன். சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பது நல்லதாகப் போயிற்று. நம் பெண்ணுக்குக் கல்யாணம் என்று நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வருகிறேன். பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. புதிதுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதினெட்டு மாடிக் குழிக்குள் கயிற்றில் தொங்குகிறவன் விமானம் என்றால் நடுங்குவான் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். இங்கே என் கூட்டாளிகள் யார் காதிலும் போட்டுவிடாதே, மானம் போய்விடும். ஜன்னல் பக்கம் நீ உட்கார்ந்துகொள்.

மலைமேல் குளிருமா? என் சாம்பல் நிறக் கோட்டு அங்கேதான் அலமாரியில் தொங்கியது. இருந்தால் எடுத்து வை.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


ஜூலை 4

பெரியவளின் அப்பாவுக்கு,

கோட்டு இல்லை. சின்னவனுடைய சாமான்களை நான் தானம் கொடுத்த அன்றே அதுவும் போய்விட்டது. அன்று நீங்கள் போட்ட சத்தத்துக்குப் பிறகும் அது அலமாரியில் தொங்கும் என்று நினைக்கிறீர்களே.

பெரியவள் போட்ட திட்டம் வந்திருக்கிறது. முதல் நாலு நாள் சம்பந்தி வீடு. பிறகு ஆற்றில் படகு. இரண்டு பக்கமும் குன்றுகள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்ட மாதிரி நிற்குமாம். முகத்தில் சாயம் பூசி ஆடும் நாடகம் ஒரு மாலை. அப்புறம் மலைமேல் அந்த வயல்களுக்கு நடுவே ஒரு மரவீட்டில் தங்கல். படி ஏற உங்கள் முட்டி தாங்குமா என்று கேட்கிறாள். நமக்கு ஒரே அறை போட்டிருந்தாள். இரண்டாக மாற்றச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றை நாம் தீர்த்துக்கொண்டு போக வேண்டும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அம்மா, அவங்க முதல்ல கேக்கப்போறதே உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னுதான். நீ ஒண்ணும்பே, அப்பா ரெண்டும்பார். நடுவுல நின்னு மொழிபெயர்க்கப்போறது நான். நான் எதைச் சொல்லட்டும்?”

மாப்பிள்ளைப் பையனுக்கு விவரம் தெரியும். அவன் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நம்மிடம் விட்டிருக்கிறாள். சின்னவன் போய் ஏழு வருஷம் ஆகிறது. நீங்கள் வீட்டை விட்டுப் போய் ஆறு. இதற்குக்கூட நம்மிடம் ஒரே பதில் இல்லை.

ஒன்று என்றே சொல்லிவிடுவோம். யோசித்து எழுதவும்.

இப்படிக்கு,
பெரியவளின் அம்மா


ஜூலை 17

மேஸ்திரிக்கு,

யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு. நான் இரண்டு என்றுதான் சொல்வேன்.

போன மாதம் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மாள் மட்டும். பயத்தில் மூச்சு வாங்கினாள். மேலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்த்தேன். “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டாள். “ரெண்டும்மா. மூத்தவ வெளிநாட்டுல டீச்சர், சின்னவன் காலேஜ் படிக்கிறான்” என்றேன். என்ன படிக்கிறான் என்றாள். இன்ஜினியரிங் என்றேன். அவளை வெளியே எடுத்துவிட்டபோது, “உங்க பையன் நல்லா வருவான்” என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

இது முதல் தடவை இல்லை. ஒவ்வொரு வருஷமும் அவனை ஒரு வகுப்பு மேலே ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஒன்று என்று சொல்ல வாய் வருவதில்லை. சொன்னால் என் கையாலேயே அவனைக் கீழே தள்ளுகிற மாதிரி இருக்கிறது.

இவ்வளவு எழுதிவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். ஊர் திரும்பியதும் நான் வீட்டுக்கு வந்துவிடட்டுமா? இந்த ஒற்றை அறையும் கடைச் சாப்பாடும் அலுத்துவிட்டன என்று நினைத்துக்கொள்ளாதே. உன் கையெழுத்தைப் பார்த்த நாளிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


ஆகஸ்ட் 2

பெரியவளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் பதில் எழுதவில்லை. கோபத்தில் இல்லை. காலேஜ் என்ற வார்த்தையைத் தாண்ட முடியவில்லை.

என் பக்கத்தையும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் அறை எங்களுடையது. புதிதாக வரும் ஒவ்வொரு நர்ஸும் கேட்பாள். ஆரம்பத்தில் நானும் இரண்டு என்றுதான் சொன்னேன். அடுத்த கேள்வி, பையன் என்ன செய்கிறான். உங்களுக்குப் பொய் சொல்ல வந்தது, எனக்கு வரவில்லை. காய்ச்சல் என்று கூட்டிப்போனோம், அஞ்சாவது நாள் போய்விட்டான், பதினாலு வயசு என்று சொல்வேன். அவள் அழுவாள். நான் அவளைத் தேற்றுவேன். இப்படி எத்தனை பேர் முன்னால் அவனைச் சாகவிடுவது? அதனால்தான் ஒன்று. நீங்கள் நினைத்த மாதிரி நான் அவனைத் துடைத்துப்போடவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து அவனைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வருவது பற்றி இப்போது எதுவும் கேட்காதீர்கள். முதலில் போய்வருவோம்.

உங்களுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கியிருக்கிறேன். நீலம். அளவு பழைய அளவுதான், தொப்பை போட்டிருந்தால் நான் பொறுப்பில்லை. முட்டிக்குத் தைலமும் எடுத்துவைத்திருக்கிறேன். நன்றிக்கு அவர்கள் மொழியில் ‘ஷியே ஷியே’ என்று சொல்ல வேண்டும். தினம் சொல்லிப் பழகுங்கள்.

இப்படிக்கு,
பெரியவளின் அம்மா


செப்டம்பர் 3

மேஸ்திரிக்கு,

பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவும் ஆயிற்று. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன். அப்படியும் உள்ளே விடுகிறார்கள்.

நீ எழுதியதை ரொம்ப நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நர்ஸுகளை நீ தேற்றினாய் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லையே.

ஒன்று என்றே சொல்கிறேன். பெரியவளிடமும் சொல்லிவிட்டேன். உனக்காக ஒரு தடவை சொன்னால் அவன் என்னைத் தப்பாக நினைக்கமாட்டான்.

விமான நிலையத்தில் சந்திப்போம். ஷியே ஷியே.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


அக்டோபர் 18

அன்புள்ள உங்களுக்கு,

திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. துணிகளை இன்றைக்குத்தான் மடித்து வைத்தேன். எதை உதறினாலும் அந்த ஊர்த் தெருக்களில் பூத்திருந்ததே, பொடிப் பொடியாக ஒரு மஞ்சள் பூ, அது உதிர்கிறது.

கல்யாணத்துக்கு முந்தின இரவு, சாப்பாட்டு மேசையில் சம்பந்தியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டபோது நீங்கள் வாயைத் திறந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஒன்று என்று ஒரு விரலை நீட்டப் போய், மடக்கிக்கொண்டீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “ரெண்டு” என்று நான் சொல்லிவிட்டேன். சின்னவன் இப்போது இல்லை என்பதையும் சொன்னேன். நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. பெரியவளிடம் நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன், நானே சொல்கிறேன் என்று.

எப்படிப் போனான் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். பெரியவளுக்கு உடனே மொழிபெயர்க்க வரவில்லை. “அம்மா, தம்பிக்கு என்ன பிடிக்கும்னு கேக்கறாங்க” என்றாள்.

ஏழு வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எப்படிச் செத்தான் என்பதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. இதற்கு இல்லை. திணறித் திணறி, “தூங்கப் பிடிக்கும்” என்றேன். பெரியவள் அதை மொழிபெயர்த்ததும் மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனை நினைத்துச் சிரித்தேன். நீங்கள் திரும்பி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்ததாக நினைத்தீர்கள். அழவில்லை.

இப்போது நீங்கள் கேட்டதற்குப் பதில். மலைமேல் அந்த மரவீட்டில் நமக்கு அடுத்தடுத்த அறை. பலகைச் சுவருக்கு அப்பால் நீங்கள் இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பது நிம்மதியாக இருந்தது. நடுவில் சுவர் இருந்ததும் நிம்மதியாக இருந்தது. விடிந்து ஜன்னலைத் திறந்தால் கீழே அத்தனை வயலும் மஞ்சள். ஓடிவந்து உங்கள் கதவைத் தட்டலாம் என்று எழுந்தேன். தட்டவில்லை. ஒரே வீட்டில் இருந்தால் நீங்கள் என் முகத்தில் அவனைத் தேடுவீர்கள், நான் உங்கள் முகத்தில் தேடுவேன், இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அவன் போனபிறகு அந்த ஒரு வருஷம் அப்படித்தான் போயிற்று. இன்னொரு தடவை அது என்னால் ஆகாது. வீட்டுக்கு வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.

ஆனால் எழுதுங்கள். அவன் சாமான் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. நீங்கள் எல்லாவற்றையும் மனசில் வைத்திருக்கிறீர்கள். காலேஜ் வேண்டாம். இருந்த பையனைப் பற்றி எழுதுங்கள்.

முதலில் இதை எழுதுங்கள். ஒரு லீவு நாளில் அவனை உங்களோடு வேலைக்குக் கூட்டிப்போனீர்கள். திரும்பி வந்தபோது இரண்டு பேர் சட்டையிலும் கிரீஸ். என்னடா ஆச்சு என்று கேட்டதற்கு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு அப்படிச் சிரித்தீர்கள். என்னிடம் சொல்லவே இல்லை.

அன்றைக்கு என்ன நடந்தது?

அன்புடன்,
நான்