குலதெய்வத்தின் பெயர்

அன்புள்ள அப்பா,

நலம். ஹாஸ்டல் சாம்பாருக்கு நாக்கு பழகிவிட்டது. உங்கள் போனை அம்மாவும் எடுத்துப் பார்ப்பார் என்பதால் வாட்ஸ்அப்பில் எழுதாமல் கடை முகவரிக்குக் கடிதமாக அனுப்புகிறேன்.

போன வாரம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடந்தேன். ஞாயிறு சந்தையில் செருப்பு வாங்கினேன். இந்த வாரம் பஸ் ஏறி உங்கள் ஊர் கனகசெட்டிக்குளம் போனேன். அங்கே நமக்கு யாரும் இல்லை, போகாதே என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. கோயிலை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். குலதெய்வத்தின் பெயரைத்தான் எனக்கு வைத்ததாகச் சொல்வீர்களே. கிள்ளான் பள்ளியில் எல்லாரும் கேலி செய்த பெயர்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் செல்வாம்பாள் கோயில் எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"செல்வாம்பாளுக்குக் கோயிலா? வூடுதாம்மா இருக்கு. அதோ, நீலக் கதவு."

தட்டினேன். உங்கள் வயதுப் பெண், நெற்றி நிறையக் குங்குமம். தண்ணீர் கொடுத்தார். கிள்ளானிலிருந்து வருகிறேன் என்றதும், மலேசியாவா என்று இரண்டு முறை கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரும் அங்கதான் போனாரு. இருவத்திரண்டு வருசம் ஆவுது. இருக்காரோ இல்லியோ, நான் பொட்ட அழிக்கல."

சுவரில் கல்யாணப் படம் இருந்தது. மீசை இல்லாமல் நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

கிளம்பும்போது, "உம் பேரு இன்னாம்மா?" என்றார்.

மாலா என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் வைத்த பெயர் அவரிடமே இருக்கட்டும். அதனால் கீழே எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகள்