ஜன்னல் மேல் குற்றமில்லை

ஆரணி,
அக்டோபர் 24

அன்புக் கண்ணு சுகன்யாவுக்கு அம்மா அபிதகுசாம்பாள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சளி இருமல் இல்லாமல், தறி இரண்டும் நிற்காமல், சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அந்த பெர்கன் ஊர் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் முதல் வரியிலேயே "அம்மா!" என்று கத்துவாய், மீதியைச் சொல்ல விடமாட்டாய். காகிதத்தில் கத்த முடியாது பார். நேற்று நீ, படகில் இடது பக்கமும் ஒழுக ஆரம்பித்துவிட்டது, வலது பக்கம் மாதிரியே அந்த ஜன்னலுக்கும் பசை பூசி அடைத்துவிடுவேன், அடுத்த மாதம் லீவு போட்டிருக்கிறேன் என்றாய். என் கடிதம் வரும்வரை ஜன்னலைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்ததும் எனக்கு வந்த சிரிப்பில் அப்பா தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஏனென்றால் வலது பக்க ஒழுகலை நிறுத்தியது உன் பசை இல்லையடி. நான்தான்.

உட்கார்ந்துகொண்டு படி. ஆவணியில் நான் அங்கே வந்தது உன்னைப் பார்க்க மட்டும் என்று நினைத்தாய். வாடகை வீட்டை விட்டுவிட்டு நாற்பது வருஷத்துப் பழைய பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடியிருக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கும் அப்பாவுக்கும் சோறு இறங்கவில்லை. எப்படியாவது பேசி அதை விற்க வைத்துவிட்டு வா என்று சொல்லித்தான் அப்பா என்னை விமானம் ஏற்றினார். வந்து பார்த்தால் நான் பேசவே தேவையில்லை, மழையே எனக்காகப் பேசிக்கொண்டிருந்தது. உன் படுக்கைக்கு மேலே டொக் டொக் என்று சொட்டு, கீழே பேசின். ஜன்னலைச் சுற்றி மூன்று முறை பசை பூசியும் நிற்கவில்லை. காய்ந்த படுக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு நீ அந்தச் சொட்டுக்குப் பக்கத்திலேயே சுருண்டு படுத்தாய். ஆஸ்லோவுக்கு ஆபீஸ் வேலையாகக் கிளம்பின புதன்கிழமை காலையில், முடியைக் கட்டிக்கொண்டே, "அம்மா, சனிக்கிழமை ஒருத்தர் படகைப் பாக்க வராரும்மா. புடிச்சிருந்தா குடுத்துடப் போறேன். என்னால முடியல" என்றாய். நான் வந்த காரியம் ஆயிற்று. வாய் நிறையச் சிரித்திருக்க வேண்டும். ஆனால் நீ பேச்சை முடித்ததும் அந்த மரச்சுவரைக் கையால் ஒரு தடவு தடவினாய், என்னைப் பார்க்காமல். ஜுரம் வந்த பிள்ளையைத் தடவுகிற மாதிரி. அதைப் பார்த்ததிலிருந்து நீ ஊற்றி வைத்துவிட்டுப் போன காபிகூட எனக்கு இறங்கவில்லை.

நான் வரும்வரை மேலே ஏறக் கூடாது, முட்டி வேறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு நாள் முழுக்க சொன்ன பேச்சைக் கேட்டேன், அதையும் கணக்கில் வைத்துக்கொள். வியாழக்கிழமை மழை விட்டது. அப்பாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஒழுவட்டும் வுடு. சனிக்கிழம வரிக்கும் ஒழுவினா போதும், பொண்ணு தானா ஒரு வீட்டுக்குப் போய்டும். நீ பேஜார் பண்ணிகினு இருக்காத" என்றார். நியாயம்தான். ஆனால் நம் தறிக்கூடத்து ஷீட்டில் எத்தனை மழைக்கு நான் ஓட்டை தேடியிருக்கிறேன். தறியில் ஏற்றிய பட்டுப் பாவு நூலின் மேல் ஒரு சொட்டு விழுந்தாலே சாயம் இறங்கிவிடும். தண்ணீர் நுழைகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறொன்று என்று எனக்குத் தெரியாதா? நுழைந்த தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்துபோய் வேறெங்கோ தலைகாட்டும். நீ பாவம், தலைகாட்டின இடத்தையே திட்டிக்கொண்டிருந்தாய்.

உள்ளே ஹீட்டரைப் போட்டு, துண்டால் துடைத்து, சுவரையும் கூரையையும் மொறமொறவென்று காய வைத்தேன். உன் முகப் பவுடர் டப்பாவைக் கொட்டி எல்லா இடத்திலும் தடவினேன் (காலி டப்பாவைப் பார்த்து நான் நிறையப் பூசிக்கொள்கிறேன் என்று சிரித்தாயே, அது இதுதான்). ஈரம் ஒரு கோடு வந்தாலும் பவுடரில் தெரிந்துவிடும். ஆனால் மேலே ஊற்றிவிட்டுக் கீழே வந்து பார்ப்பதற்குள் என் முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. அதனால் வீடியோ கால் போட்டு, போனைச் சுவருக்கு நேராகச் சாய்த்து வைத்துவிட்டு, "நீங்க ஒண்ணும் பேசத் தேவல, சொவர மட்டும் பாத்துகினு இருங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, புடவைக்கு மேல் உன் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, குடமும் சொம்புமாக மேலே ஏறினேன்.

முதலில் ஜன்னலின் கீழ் ஓரம். ஊற்றிவிட்டு நூறு எண்ணினேன். அப்பா "ஒண்ணுமில்ல" என்றார். பக்கவாட்டில் ஊற்றினேன், மேல் ஓரத்தில் ஊற்றினேன். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அந்த ஜன்னல் மேல் குற்றமே இல்லையடி! மூன்று பூச்சு வாங்கிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து முன்பக்கம் ஒரு முழம் ஒரு முழமாக நகர்ந்தேன். ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி கட்டியிருக்கிறதே, அதைத் தாங்குகிற இரும்புக் குத்துக்கால், அதன் அடியில் ஊற்றினேன். நாற்பதுகூட எண்ணியிருக்க மாட்டேன், உள்ளேயிருந்து ஒரு சத்தம். "வருது! வருது! அபிதா, கோடு கோடா வருது!" விற்கச் சொன்ன மனுஷர்தான். அவர் போட்ட கூச்சலில் இங்கே எதிர்வீட்டுப் பரிமளா யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடி வந்து, விஷயம் தெரிந்து, அவளும் போனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு "ஆமாங்க்கா, எறும்பு போற மாதிரி வருது" என்றாள். நான் அந்த மேல்தளத்தில் நின்று கை தட்டினேன். சொம்பு கடலுக்குள் போய்விட்டது. ஆம், அதுவும் நான்தான்.

அப்போது பக்கத்துப் படகு இங்கா வந்துவிட்டாள். அந்தப் பெயரை நினைத்தாலே சிரிப்பு, இங்கே குழந்தைகள் பாலுக்குச் சொல்கிற வார்த்தை. மழை நின்ற நாளில் படகுக்குத் தண்ணீர் ஊற்றுகிற கிழவியைப் பார்த்து எனக்கு புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, மெல்ல முழங்கையைப் பிடித்தாள். நான் அவளை உள்ளே இழுத்துப்போய் பவுடரில் இருந்த ஈரக் கோட்டைக் காட்டினேன். "ஆ!" என்று ஓடினாள், ஸ்பேனர் பெட்டியும் சாம்பல் நிறத்தில் ஒரு பிசின் பட்டையும் கொண்டுவந்தாள். குத்துக்காலை நான்கு போல்ட் பிடித்திருந்தது. மேலே ஒருத்தி பிடிக்க வேண்டும், உள்ளே ஒருத்தி நட்டைத் திருப்ப வேண்டும். "ஏம்மா, நீ மேல புடிச்சிகினு இரு, நான் கீழ திருப்பறேன்" என்று நான் ஆரணித் தமிழில் சொன்னேன், அவள் அவள் பாஷையில் ஏதோ சொன்னாள், இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது. ஒரு தட்டு தட்டினால் திருப்பு, இரண்டு தட்டினால் நிறுத்து. கழற்றினால் அடியில் பழைய பசை பொடிப் பொடியாகக் கொட்டியது. சுரண்டி, துடைத்து, காய வைத்து, ஒவ்வொரு போல்ட்டின் கழுத்திலும் அந்தப் பிசினைச் சுற்றி மறுபடி முடுக்கினோம். பிசின் எல்லாப் பக்கமும் பிதுங்கி வந்தபோது இங்கா என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு மூன்று குடம் ஊற்றினோம். அப்பா மூன்று முறையும் "ஒண்ணுமில்ல" என்றார், கடைசித் தடவை நான் கேட்பதற்கு முன்பே.

மறுநாள் நீ வந்தாய், மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. வழக்கம்போல பேசினை வைத்துவிட்டுப் படுத்தாய். காலையில் காலி பேசினை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நீ நின்ற நிலை எனக்கு மறக்காது. "அம்மா, என் பசை பிடிச்சிடுச்சிம்மா!" என்று என்னைத் தூக்கியே விட்டாய். படகைப் பார்க்க வந்தவரைக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினாய். அந்தச் சந்தோஷத்தில் போய் இல்லை, நான்தான் என்று சொல்ல மனசு வரவில்லை. மேலே ஏறினதற்குத் திட்டுவாய் என்ற பயமும் இருந்தது. ஊருக்கு வந்த பிறகு, கண்ணமங்கலத்தில் உன் சித்தி வீட்டு விசேஷத்தில்கூட வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். பரிமளாதான் பாதித் தெருவுக்குச் சொல்லிவிட்டாள்.

ஆகவே, இடது பக்க ஜன்னலைச் சும்மா விடு. அந்தப் பக்கக் குத்துக்காலின் அடியைப் பார். பவுடர் தடவு, கீழிருந்து மேலே ஒவ்வொரு இடமாக ஊற்று, அவசரப்படாதே. போல்ட்டைத் திருப்ப இங்காவைக் கூப்பிடு, தட்டு கணக்கு அவளுக்குத் தெரியும். தனியாக மேலே ஏறினால் இடுப்பில் கயிறு கட்டிக்கொள். தலைக்கு எண்ணெய் வை.

நான் இருந்த இருபது நாளும் அந்தப் படகு கட்டிப்போட்ட மாடு மாதிரிதான் நின்றது. அடுத்த ஆனியில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். அப்போது கயிற்றை அவிழ்த்துவிடு. எங்களுக்கு அது ஓட வேண்டும்.

எல்லா நலமும் பெற்று, காய்ந்த படுக்கையில் நிம்மதியாகத் தூங்கி எழ, உன்னை ஆசீர்வதிக்கும்
அம்மா
அபிதகுசாம்பாள்

சுகன்யாவுக்கு: அம்மா எழுதியது அத்தனையும் நிஜம். விற்கச் சொன்னது நான்தான், அதுவும் நிஜம். பாய் விரித்தால் படகு ஒரு பக்கம் சாயும் என்கிறார்களே, நான் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று எழுது. அப்பா, தனசேகரன்.