இறக்கத்தில் வானத்தைப் பார்த்தவனுக்கு

சிவகாசி
ஐப்பசி, வியாழக்கிழமை

அன்பு மகன் கதிரவனுக்கு அம்மா அய்யம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நல்ல சுகம். அங்கே நீ சுகம் என்று நீ சொல்கிறாய், கற்பகம் வேறு மாதிரி சொல்கிறாள், புருசன் பெண்டாட்டி இரண்டு பேரில் யாரை நம்புவது என்று பத்திரகாளியைத்தான் கேட்க வேண்டும். போனில் கேட்டால் சரிம்மா சரிம்மா என்று சிரித்தே மழுப்பிவிடுகிறாய், அந்தப் பக்கம் கற்பகம் இருப்பாள், இந்தப் பக்கம் உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று வந்து நிற்பார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். காகிதம் சாத்தூர் காராச்சேவு பார்சலோடு மெதுவாக இங்கிலாந்து வந்து சேரட்டும், அதற்கு முன்னால் அடுத்த வீட்டுத் தருண்குமார் இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவான். படிக்கமாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடியும் சைக்கிளில் அந்த மேட்டுக்குப் போகிறாய் என்று கற்பகம் சொன்னாள், அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

முதலில் ஊர்ச் சேதி. தீபாவளி முடிந்து பட்டாசு கம்பெனியெல்லாம் பூட்டிக் கிடக்கிறது, இனி பூஜை போட்டுத் திறக்கிற வரைக்கும் வேலை இல்லை, ஜனம் கல்யாணம் காதுகுத்து என்று அலைகிறது. மழை பரவாயில்லை, வெம்பக்கோட்டை அணைக்குத் தண்ணீர் வருகிறதாம். உன் அப்பாவுக்கு முட்டுவலி குறையவில்லை, ஆனாலும் பால் வாங்க உன் தங்கச்சி சைக்கிளில்தான் போவேன் என்று பிடிவாதம். சினேகா உயரத்துக்கு வைத்த சீட்டு அது, மிதிக்கும்போது அவருக்கு முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடிக்கிறது. சீட்டைக் கொஞ்சம் ஏத்தி வைங்களேன் என்றால் இருக்கட்டும் விடுட்டி என்கிறார். நானும் மறு தடவை சொல்லவில்லை.

உன்னை மாதிரியே இங்கேயும் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது தெரியுமா. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் உடம்போடு ஒட்டின சட்டையும் தலையில் ஹெல்மெட்டுமாக அச்சாபீஸ் வீட்டுப் பிள்ளைகள், பேங்க்காரர்கள், ஒரு டாக்டரம்மா எல்லோரும் சைக்கிளில் வெம்பக்கோட்டை வரைக்கும் போய்த் திரும்பி, நம் தெரு முக்கில் பாண்டிச்செல்வம் கடையில் டீ குடிக்கிறார்கள். நம் தருண்குமாரும் அதில் சேர்ந்திருக்கிறான். உன் அப்பாவுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும், போனைத் தூக்கிக்கொண்டு போய் நீ மலை ஏறுகிற படத்தை ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கு நேராகவும் காட்டுகிறார். கார் வாங்க வசதி வந்த பிறகு எதுக்குலே உம்மவன் வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிள் மிதிக்கான் என்று பாண்டிச்செல்வம் கேட்டாராம். மேல கோயில் ஏதும் இருக்கா என்று அடுத்த கேள்வி. கோயிலெல்லாம் இல்ல, ஒரு பெஞ்சு கெடக்கு என்று இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஒரு பெஞ்சுல உக்காரவா அம்புட்டு ஏத்தம் ஏறுதான் என்று கடையே சிரித்ததாம். மனுசனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது, எம்மவன் மிதிச்சு ஏறுத ஏத்தத்தை நீங்க நடந்து ஏறிக் காட்டுங்கலே என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமலே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் டீ கேட்டார்.

அவர் காட்டுவதெல்லாம் நீ ஏறுகிற படம். நீ இறங்குகிற படம் ஒன்று என் போனில் இருக்கிறது, அதை நான் அவரிடம் காட்டவில்லை. போன வாரம் நீ குளிக்கப் போன நேரம் பார்த்துக் கற்பகம் அனுப்பினாள். உன் ஹெல்மெட்டில் மாட்டியிருக்கிற கேமரா எடுத்ததாம். நீ விழுந்ததைப் பற்றி எங்களிடம் சொன்னது என்ன, மரத்து இலையெல்லாம் உதிர்ந்து ரோட்டில் நனைந்து கிடந்தது, சக்கரம் வழுக்கிவிட்டது, முழங்கையில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான் என்றாய். ஹெல்மெட் இரண்டாக விரிந்துபோனதை நீ சொல்லவில்லை, பின்னால் வந்த கார்க்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தாய் என்பதையும் சொல்லவில்லை, அதெல்லாம் அவள் சொன்னாள். சொல்லிவிட்டுப் படத்தைப் பாருங்கத்தை, எனக்கு ஒன்னும் புரியல என்றாள்.

பார்த்தேன். முதலில் ஏற்றம், புஸ் புஸ் என்று உன் மூச்சு மட்டும். இரண்டு பக்கமும் மஞ்சளும் சிவப்புமாக மரங்கள், அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்புறம் உச்சி, அந்தப் பெஞ்சு. அப்புறம் இறக்கம், காற்றுச் சத்தம், ரோடு பாம்பாக நெளிந்து கீழே ஓடுகிறது. ஒரு வளைவு வருகிறது. அப்போது எங்கேயோ டொம் என்று ஒரு சத்தம். உடனே படம் ரோட்டை விட்டு மேலே போகிறது. இடது பக்கம் மரத்துக்கு மேலே வானம், வலது பக்கம் வானம், திரும்ப இடது பக்கம். அதற்கப்புறம் எல்லாம் தலைகீழாகச் சுற்றிப் புல்லில் போய் நிற்கிறது. அங்கே நவம்பர் பிறந்தால் அவர்களுக்கும் வெடி வெடிக்கிற ஒரு நாள் உண்டாம், பிள்ளைகள் முன்கூட்டியே ஒன்றிரண்டு போட்டுப் பார்ப்பார்களாம். இவர் எதுக்கத்தை வண்டி ஓட்டும்போது வானத்தைப் பார்த்தார் என்று கற்பகம் கேட்டாள். கோயம்புத்தூரில் வளர்ந்த பிள்ளை அவள், வெடிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள், மேலே பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றுமா? ஏதாவது பறவையைப் பார்த்திருப்பான்மா என்று சொல்லி வைத்தேன். ஆனால் நீ எதைத் தேடினாய் என்று எனக்குத் தெரியும் கதிரு. புகையைத் தேடினாய். எந்தப் பக்கம் கிளம்புகிறது, அந்தப் பக்கம் யாருடைய கம்பெனி, அங்கே நம் ஆள் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று இந்த ஊரில் பிறந்தவர்கள் தேடுகிற மாதிரித் தேடினாய். கண்ணுக்கெட்டிய தூரம் பட்டாசு கம்பெனியே இல்லாத ஊரில், அந்தச் செங்குத்தான இறக்கத்தில் தேடினாய்.

அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரைக்கும் பேசியதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன், மனசை இறுக்கிக்கொண்டு படி. சீசன் மும்முரம், தீபாவளி நெருங்கிவிட்டது, நீ காலேஜ் லீவில் வீட்டில் இருந்தாய். சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் வாசலுக்கு ஓடினோம், விஸ்வநத்தம் பக்கம் புகை வெள்ளையாகக் கிளம்பி அப்புறம் கறுத்தது. நீ சைக்கிளை எடுத்தாய், நான் பின்னால் கேரியரில் ஏறிக்கொண்டு, அங்கே வேலைக்குப் போயிருந்த சினேகா நம்பரைப் போட்டேன். ரிங் போனது. கண்மாய்க் கரை மேடு எப்பேர்ப்பட்ட மேடு, இளவட்டங்களே இறங்கித் தள்ளுகிற இடம், நான் இறங்கிக்கிடுதேன்லே என்றதற்கு இரும்மா என்று சொல்லி என்னையும் வைத்து மிதித்து ஏற்றினாய். உன் முதுகு தொப்பலாக நனைந்து என் கன்னத்தில் ஒட்டியது. அந்த முதுகைத் தட்டித் தட்டிக் கத்தினேன், ரிங் போகுதுலே, ரிங் போகுது, அவளுக்கு ஒன்னும் ஆகல, மிதிலே என்று. பட்டாசு கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், இது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நானும் அந்த வேலை பார்த்தவள்தானே, எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்த ரிங்கை நம்பினோம்.

கேட்டில் கயிறு கட்டியிருந்தார்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனைக் காதில் வைத்தபடி நின்றேன், நீ வேப்பமரத்தடியில் எல்லோருடைய சைக்கிளும் நிற்கிற இடத்துக்குப் போனாய். ரிங் போய்க்கொண்டே இருந்தது, பாதியில் நின்றது. எடுத்துட்டா, ஏலே, எம்பிள்ளை எடுத்துட்டா என்று அங்கே இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். திரும்பினால் நீ அவள் சைக்கிள் பக்கத்தில் நிற்கிறாய். ஹேண்டில்பாரில் தொங்கிய சாப்பாட்டுப் பையைத் திறந்து அவள் போனை எடுத்து, அடித்துக்கொண்டே இருக்கிறதே என்று கட் பண்ணிவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். வீட்டுக்குத் திரும்பும்போது உன் சைக்கிளை நான் தள்ள, அவள் சைக்கிளை நீ தள்ள, கண்மாய்க் கரையில் இறக்கத்திலும் தள்ளிக்கொண்டே வந்தோம். அதற்குப் பிறகு நீ சைக்கிளைத் தொடவில்லை, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு காலேஜுக்குப் போனாய்.

இங்கிலாந்து போய் இத்தனை வருசம் கழித்துச் சைக்கிள் வாங்கியிருக்கிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு எனக்குச் சந்தோசமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சமதரையில் ஓட்டக்கூடாதா, எதுக்குலே தேடிப் போய் மேட்டுல ஏறுத என்று கேட்டேன். ஏறும்போது எம்மூச்சுச் சத்தத்தைத் தவிர வேற ஒன்னும் கேக்காதும்மா என்றாய். ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று விட்டுவிட்டேன். படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏறுகிற மட்டும் உனக்கு நிம்மதி, இறங்க ஆரம்பித்ததும் காது திறந்துகொள்கிறது. பாவி மகனே, அதை என்னிடம் சொல்வதற்கு என்ன?

எனக்கு மட்டும் விட்டதா என்ன. தீபாவளி அன்றைக்குத் தெருவே அதிர்ந்தாலும் நான் அடுப்படியை விட்டு நகர்வதில்லை, அது வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்ட வெடி, அதற்குள் மனுசர் இல்லை. மற்ற நாளில் லாரி டயர் வெடித்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். உனக்கு நான் போன் போடும்போது நீ எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேனே, டவர் இல்லையாம்மா என்று கேட்பாயே, டவரெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ரிங் நின்றால் மட்டும் எனக்குப் போதாது. உன் குரல் வரட்டும் என்று காத்துக்கொண்டு நிற்பேன். அதற்கப்புறம்தான் எனக்குப் பேச்சே வரும்.

அந்த மேட்டுக்குப் போகாதே என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன், ஒரு காகிதம் எழுதிக் கிழித்தும் போட்டேன். உனக்கு நிம்மதி கிடைக்கிற ஒரே இடத்தை நான் எப்படிப் பிடுங்குவேன்? போ. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரிலும் வெடி வெடிக்கும், நீ இறங்குகிற நேரம் பார்த்துத்தான் வெடிக்கும், எனக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதனால் நான் சொல்வதைக் கேள். உச்சிக்குப் போனதும் அந்தப் பெஞ்சில் உட்கார், பாண்டிச்செல்வம் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். உட்கார்ந்து எனக்குப் போன் போடு. மிஸ்டு கால் வேண்டாம், ரிங்கை நான் நம்பமாட்டேன். அம்மா என்று ஒரு வார்த்தை வாயால் சொல். அப்புறம் இறங்கு. கீழே வந்ததும் இன்னொரு தடவை சொல். நடுவில் எந்தச் சத்தம் கேட்டாலும் மேலே பார்க்காதே, அங்கே உனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை, நம் பிள்ளை யாரும் அந்தப் பக்கம் வேலைக்குப் போகவில்லை. இங்கே நான் வாசலில் நின்றுகொண்டுதான் இருப்பேன், மேலே பார்க்கிற வேலையை எனக்கு விட்டுவிடு.

கற்பகத்திடம் நீயே எல்லாவற்றையும் சொல். சினேகா போனதைச் சொல்லியிருக்கிறாய், போன் அடித்ததைச் சொல்லியிருக்கமாட்டாய். பறவை என்று நான் சொன்ன பொய்யை அவள் நம்பவில்லை, குரலிலேயே தெரிந்தது. கெட்டிக்காரப் பிள்ளை, பயந்துபோய் இருக்கிறாள், அவளைத் தவிக்க விடாதே. குளிர் ஏறுகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் மிதிக்காதே, விரிந்த ஹெல்மெட்டை ஒட்டவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாயானால் உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன், புதுசு வாங்கு. காராச்சேவைக் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் கொடு, முழுவதையும் நீயே தின்றுவிட்டு அன்றைக்கே மேடு ஏறாதே. நீயும் கற்பகமும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசுக்கு நல்லா இருக்க வேண்டும், பத்திரகாளி உங்கள் இரண்டு பேருக்கும் முன்னேயும் பின்னேயும் துணையாக வருவாள்.

உன்னைப் பெற்றவள்,
அய்யம்மாள்

மறந்துவிடாதே, பெஞ்சில் உட்கார்ந்ததும் போன். இதை மடித்து வைக்கப் போகிற நேரம் இங்கே டமார் என்று ஒரு சத்தம். போட்டது போட்டபடி ஓடினேன். உன் அப்பா பால் தூக்கோடு சினேகா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பார்த்தோம். கிழக்கே இல்லை. விஸ்வநத்தம் பக்கமும் இல்லை. மேற்கே மலைக்கு மேலே மேகம் மட்டும் கறுத்து நிற்கிறது, இடிதான் இடித்திருக்கிறது. நாலு பக்கமும் நாங்கள் பார்த்துவிட்டோம் ராசா, எங்கேயும் புகை இல்லை. நீ ரோட்டைப் பார்த்து இறங்கு.