சோறு ஆறிடும், வழி உடுங்க

நிந்தவூர்
21.01.2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைக்கலாமென்றால் வாப்பா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் ஈமெயில். வாப்பாவுக்கு ஒரு கீறலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பயப்படாமல் வாசியுங்கள்.

நேற்று உம்மா லுஹர் தொழுதுகொண்டிருந்த நேரம் வாப்பா காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழக்கம்போல அவர் பிறந்த மருதமுனைப் பக்கம்தான். காரைதீவில் பிழையான பக்கத்தால் போய், தவமலர் என்ற டீச்சரின் ஸ்கூட்டியில் மோதிவிட்டார். டீச்சருக்குக் கால் முறிந்துவிட்டது. வாப்பா காரை விட்டு இறங்கக்கூட இல்லையாம். கூடிய சனத்தைப் பார்த்து, "உம்மா பாத்துட்டு இருப்பா. சோறு ஆறிடும், வழி உடுங்க" என்றாராம். அவருடைய உம்மா மௌத்தாகி அடக்கமானது நாம் பிறப்பதற்கும் முன்னால், காக்கா.

சேதி கேட்டு என் கணவர் றிஸ்வான் ஓடிப்போய், பொலிஸ் வருமுன் வாப்பாவைத் தள்ளி இருக்க வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி இருந்துகொண்டு, "நான்தான் ஓட்டின" என்று சொல்லிவிட்டார். மாமனார் பொலிஸில் போய் நிற்கக்கூடாதாம். பள்ளிவாசலில் எல்லோரும் இவரை மெச்சுகிறார்கள். நான் மெச்சவில்லை. ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் வேன்தான் இவருடைய தொழில். லைசன்ஸ் போனால் நாங்கள் எங்கே போவோம்? கார் உங்கள் பெயரில் இருக்கிறது. வாப்பாவிடமிருந்து சாவியைப் பறிக்காதே என்று என் வாயை அடைத்ததும் நீங்கள்தான். இப்போது என்ன செய்வதென்று சொல்லுங்கள்.

துஆவுடன்,
தங்கச்சி றுஸ்தா

தோஹா
23.01.2024

அன்பின் தங்கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். மச்சான் செய்ததுதான் சரி. எல்லோரும் அதையே சொல்லுங்கள். அம்பாறை முழுக்க நெல் லொறி ஓட்டிய மனிதர் வாப்பா. அவரைப் புத்தி பிசகிய ஆளென்று நீதிமன்றத்தில் நிறுத்த என்னால் முடியாது. டீச்சரின் வைத்தியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. வீட்டை உனக்குத்தான் தந்தார்கள். அந்த வீட்டில் இருக்கும் வாப்பாவைப் பார்த்துக்கொள்வதும் உன் பொறுப்புத்தான். கோபத்தில் சொல்லவில்லை.

காக்கா பஹ்மி

நிந்தவூர்
02.02.2024

காக்காவுக்கு ஸலாம்.

கோபத்தில் சொல்லவில்லை என்று எழுதினீர்களே, அதுதான் அதிகமாகச் சுட்டது. நம் ஊர்களில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு, கலியாணம் முடித்தவர் அங்கே வந்துதான் இருப்பார். உம்மாவுக்கு வந்த வீடு எனக்கு வந்தது. அது நான் அழுது கேட்டு வாங்கியதல்ல. அந்த வீட்டுக்கு வாடகையாக வாப்பாவைப் பார்க்கவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் டீச்சரைப் பார்த்தேன். "அந்த ஐயாவில எனக்குக் கோவமில்ல, தங்கச்சி. ஆனா ஓட்டாத ஆள ஓட்டினதெண்டு நான் சொல்ல மாட்டன். அப்பிடிச் சொன்னா அவர்ர லைசன்ஸ் அப்பிடியே இருக்கும். நாளைக்கும் எடுத்துட்டு வருவார். அடுத்தது அடிபடுறது ஆருடைய பிள்ளையோ?" என்று கேட்டார்.

அன்றே இவரை இழுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போய் உள்ளதைச் சொன்னோம். இவருக்குச் செம ஏச்சு. பொய் சொன்னதற்கு வழக்கும் வரலாமாம். வாப்பாவுக்கு டிமென்ஷியா, இனி ஓட்டவே கூடாது என்று டொக்டர் எழுதித் தந்துவிட்டார். நோயாளி என்பதை நீதவான் கவனத்தில் எடுப்பாராம். ஆனால் தெரிந்துகொண்டே காரைக் கொடுத்தது ஏன் என்று சொந்தக்காரரைக் கேட்பார் என்கிறார் சட்டத்தரணி. சொந்தக்காரர் தோஹாவில் இருக்கிறார்.

சாவியை நான் எடுத்துவிட்டேன். வாப்பா என்னோடு கதைப்பதில்லை. நீங்களும் கதைக்காவிட்டால் இருக்கட்டும். அழுதுவிட்டு இருந்துகொள்வேன்.

றுஸ்தா

தோஹா
11.02.2024

றுஸ்தா,

லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன். கார் என்னுடையது, ஓட்ட விட்டதும் நான்தான் என்று நானே சொல்கிறேன். வாப்பா இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று இங்கே இருந்து நினைப்பது எனக்கு லேசாக இருந்தது. பக்கத்தில் இருந்து பயந்தது நீதான்.

வீட்டைப் பற்றி எழுதியதற்கு நேரில் ஏச்சு வாங்கிக்கொள்கிறேன். மச்சானுக்கு ஸலாம் சொல்.

உன் காக்கா

நிந்தவூர்
12.05.2024

என் அன்புக் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். திரும்பத் தோஹாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் எங்களை மறந்துவிட்டீர்களா? மறதி வீட்டுக்கு ஒருவருக்குப் போதும்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் நீங்கள் வந்து நின்று சொன்ன பிறகு எங்களுக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. இவரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். வேன் ஓடுகிறது. டீச்சர் கைத்தடியோடு நடக்கிறார். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சீனி கூடிப்போச்சு" என்று குறை சொன்னார். குறை சொல்லும் அளவுக்கு நெருங்கிவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவை அவர் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக நீங்கள் தொடங்கி வைத்ததை இவர் விடவில்லை. ஜும்ஆ முடிந்ததும் இவர் ஓட்ட, இருவரும் ஓட்டோவில் மருதமுனைக்குப் போகிறார்கள். வாப்பாவின் தங்கச்சி ஜெனூபா மாமிதானே இப்போது அந்த வீட்டுக்காரி. அவர் சோறாக்கி வைத்திருப்பார். உம்மாவுக்குத்தான் முகம் வாடிவிட்டது. "கலியாணம் முடிச்சு எவ்வளவு காலம். இன்னும் என்ட ஊடு அவருக்கு ஊடு இல்லையா?" என்றார்.

முந்தாநாள் நானும் கூடப் போனேன். வாப்பா வயிறு முட்டத் தின்றார். கை கழுவினார். சட்டையை நீவிவிட்டு, தலையையும் சீவிக்கொண்டார். பிறகு இவரைப் பார்த்து, "தம்பி, ஓட்டோவ எடுங்க. புதுப் பொண்டாட்டி தின்னாமப் பாத்துட்டு இருப்பா. சோறு ஆறிடும்" என்றார். காரைதீவைத் தாண்டும்போது, மெதுவாகப் போகச் சொல்லி இவர் தோளில் தட்டினார். சாவியை அவர் தேடவேயில்லை.

வந்ததும் உம்மாவிடம் சொன்னேன். "இந்த வயசுல இவர்ர கதயப் பாரு" என்று ஏசிக்கொண்டே உம்மா பீங்கானை எடுத்துச் சோறு போட்டார். வாப்பா அதையும் மிச்சம் வைக்காமல் தின்றார்.

உங்கள் தங்கச்சி
றுஸ்தா