இருபத்திரண்டாவது செவ்வாய்க்கிழமை

நெட்டை மாமா,

அனுப்புநர்:
கோ. பாஞ்சாலி,
காலஞ்சென்ற கோவிந்தப்பாவின் மனைவி,
மசூதிக்குப் பின்சந்து, மாடிப்படிக்குக் கீழ் வீடு,
நீலசந்திரா, பெங்களூரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
குடிமக்கள் வாய்மொழிக் காப்பகம்,
பெங்களூரு.

பொருள்: என் கணவர் பேசிய 22ஆம் எண் ஒலிப்பதிவை நான் கேட்பதற்கு அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காகிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் ஒரு பெயர் இருக்கும். அது தவறி எழுதியது இல்லை. பக்கத்து வீட்டு சில்வெஸ்டர் அண்ணன் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனு எழுதும் முறையை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெயரை அடிக்கச் சொன்னார், அடிக்கவில்லை. எண் போட்டு எழுதச் சொன்னார், போடுகிறேன். நான் ஐந்தாவது வரை தமிழில் படித்தவள். கன்னடம் பேசுவேன், எழுத வராது. உங்கள் காப்பகத்தில் தமிழ்ப் பிரிவு உண்டு என்று வாசல் பலகையில் பார்த்ததால் தமிழிலேயே எழுதுகிறேன்.

1. என் கணவர் கோவிந்தப்பாவுக்குப் பிறவியிலேயே முதுகு கூன். பழைய பேப்பர் கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடை போடுகிற வேலை, இருபத்தாறு வருஷம். தெருவில் எல்லாரும் கூனா என்பார்கள். நான் நெட்டை மாமா என்பேன். கல்யாணமான புதிதில் கேலியாகக் கூப்பிட்டேன், அவர் சிரித்தார், அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்குள் மட்டும்தான் கூப்பிடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

2. கடைக்கு எடைக்கு வரும் புத்தகங்களை அவர் சும்மா தூக்கிப் போடமாட்டார். கூன், குருடு, நொண்டி, குள்ளம் என்று எந்தப் பக்கத்தில் வந்தாலும் அதைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து இரும்புப் பெட்டியில் வைப்பார். நான் அவற்றை மீன் மடிக்க என்று நினைத்திருந்தேன். ஒருநாள் நான் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது இரண்டு காகிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் சொன்னது இது: "வேலையத்த வேலை. கூனனைப் பத்தி கூனன் படிச்சி என்ன ஆவப்போவுது? போயி தண்ணி புடி." அவர் போய்த் தண்ணீர் பிடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவில்லை. இந்தப் பத்தியை விட்டுவிடச் சொன்னார் அண்ணன். அரசாங்கத்துக்குப் போகும் காகிதத்தில் பொய் வரக்கூடாது என்று எழுதிவிட்டேன்.

3. மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் காப்பகத்தைச் சேர்ந்த சௌம்யா என்ற பெண் பழைய புத்தகம் தேடிக் கடைக்கு வந்தாள். வயது முப்பது, முப்பத்தொன்று இருக்கும். ஊனமுள்ளவர்களைப் பழைய கதைகளும் பெரியவர்களும் என்னவென்று எழுதி வைத்தார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். என் கணவரின் பெட்டியைப் பற்றித் தெரிந்ததும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. மாதத்தில் ஒரு செவ்வாய், சில மாதம் அதுவும் இல்லை, உங்கள் ஆபீசுக்கு வரவழைத்து மெஷின் வைத்துப் பேச வைத்தாள்.

4. ஐயா, அந்தச் செவ்வாய்களில் அவர் முகம் மழிப்பார். தீபாவளிச் சட்டையைப் போடுவார். எதிர்வீட்டு உஷா குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏன் பாஞ்சாலி, உன் வூட்டுக்காரரு செவ்வாக்கெழமைன்னா சென்ட்டு போட்டுக்கிறாராமே, யாருக்கு?" நான் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அந்தச் சென்ட்டு பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றினேன். அவர் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய் பவுடர் போட்டுக்கொண்டு போனார்.

அவர் தப்பாக நடந்தார் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பெண்ணும் நடக்கவில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும், இரண்டு பேரையும் திட்டித் தீர்த்திருப்பேன். பேசினார்கள், அவ்வளவுதான். என்னோடு இருபத்தொன்பது வருஷத்தில், உப்பு போதுமா, கரண்ட் போச்சா, மாத்திரை எங்கே. அவளோடு ஒரு தடவை உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம்.

5. போன வருஷம் ஆகஸ்டு மாதம் அவருக்கு மூச்சு முட்டியது. முதுகு வளைந்து நெஞ்சை நெருக்கிவிட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து இறந்துபோனார்.

6. காரியம் முடிந்த மறுவாரம் உங்கள் ஆபீசிலிருந்து மமதா என்ற அம்மா ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். மொத்தம் இருபத்திரண்டு பதிவு. இருபத்தொன்றுக்கு அவரே எல்லாரும் கேட்கலாம் என்று கையெழுத்து போட்டிருக்கிறார். கடைசிப் பதிவுக்குப் போடுவதற்குள் ஆஸ்பத்திரி. அதனால் வாரிசு போட வேண்டும் என்றார். படிவம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. மூன்று கட்டம். எல்லாருக்கும் திறப்பது ஒன்று, ஆராய்ச்சி செய்கிறவருக்கு மட்டும் திறப்பது ஒன்று, இருபத்தைந்து வருஷம் யாருக்கும் கொடுக்காமல் மூடுவது ஒன்று. அதில் என் கணவர் என்ன பேசியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை, வந்த அம்மாவும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: இதாவது அவளுக்குப் போகக்கூடாது. மூன்றாவது கட்டத்தைக் காட்டினேன். "யாரிகூ பேட்வாம்மா?" யாருக்குமே வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டார் மமதா அம்மா. "யாரிகூ பேடா" என்று சொல்லிக் கையெழுத்து போட்டேன். அன்று ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதுகிறேன்.

7. இந்த வருஷம் ஜனவரியில் உங்கள் காப்பகத்தில் கண்காட்சி வைத்தீர்கள். நான் தொம்மலூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். மதியம் லீவு சொல்லிவிட்டு யூனிபார்மோடு வந்தேன். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு போட்டோ. என் கணவரின் முதுகு. சட்டை இல்லாமல்.

ஐயா, அவர் குளிக்கும்போதுகூடப் பனியனைக் கழற்றமாட்டார். எங்கள் கல்யாண போட்டோவில் ஸ்டூடியோக்காரர் அவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, என்னைப் பின்னால் நிறுத்தி, முந்தானையை அவர் தோள்மேல் விழும்படி போட வைத்தார். நானும் சந்தோஷமாகப் போட்டேன். அந்த முதுகைப் பார்த்தவள் நான் ஒருத்தி. சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்தவள். போட்டோவில் வலது பக்கம் மேட்டுக்குக் கீழே இருக்கும் மச்சத்தைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். காவலாளி "முட்டபேடிம்மா" என்றார். தொடக்கூடாதாம்! கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். "நெட்டை மாமா என்று அன்போடு அழைக்கப்பட்டவர்." யார் அழைத்தது? எழுதவில்லை.

8. காதில் மாட்டிக் கேட்கும் கருவி அங்கே இருந்தது. மாட்டினேன். அவர் குரல். செத்துப்போய் ஐந்து மாதம் கழித்து, இருமல் இல்லாமல், வயசு குறைந்த மாதிரி. அவர் சொன்னதில் எனக்கு நினைவு இருப்பதை எழுதுகிறேன், ஏனென்றால் என் வேண்டுகோள் இதிலிருந்துதான் வருகிறது.

பழைய காலத்து ராஜா ராணிக் கதைகளில் அந்தப்புரத்து வேலைக்குக் கூனும் குள்ளமுமாக வைத்திருப்பார்களாம். "ஏன் தெரியுமா மேடம்? பக்கத்துல ஒரு கோணல் நின்னாத்தான் ராணியோட நேரு தெரியும். இன்னொண்ணு, எங்களை உள்ள வுட்டா ராஜாவுக்குப் பயமில்ல. ஆம்பளைங்க கணக்குலயே எங்களைச் சேக்கல." அவள் சிரிக்கிறாள். அவரும் சிரிக்கிறார். உடம்பில் ஒரு குறை இருந்தால் பட்டம் கட்டக்கூடாது என்று எழுதி வைத்தார்களாம். முதுகு கோணினவனுக்குப் புத்தியும் கோணல் என்று ஒரு புத்தகம், போன ஜென்மத்துப் பாவம் என்று ஒரு புத்தகம், பெற்றவள் கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று ஒரு புத்தகம். "யார் மேலயாவது பழியப் போட்டாத்தான் அவங்களுக்குத் தூக்கம் வரும் மேடம். எங்கம்மா சாகற வரைக்கும் அந்தக் கிரகணத்தையே சொல்லி அழுதுது." இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. என் மாமியாரோடு பதினொரு வருஷம் இருந்தவள் நான்.

கடைசியாக அவர் சொன்னது: "பழைய கதையில நாங்க கெட்டவங்க. புதுக் கதையில தியாகி, யாருக்காவது உசுரக் குடுத்துட்டுப் போயிடுவோம். ரெண்டுலயும் ராத்திரி வூட்டுக்குப் போயி பொண்டாட்டி கையால சோறு தின்ன கூனன் ஒருத்தன் இருக்கானான்னு தேடறேன் மேடம். கெடைக்கல. கெடைச்சா வந்து சொல்றேன்."

9. கருவிக்குப் பக்கத்தில் பட்டியல் தமிழிலும் இருந்தது. ஒன்றிலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். கடைசி வரி: "22. கதைகளில் கூனனின் மனைவி, என் மனைவி. 47 நிமிடம். 2049 வரை மூடப்பட்டது."

எனக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. 2049இல் எழுபத்தைந்து. எனக்குச் சர்க்கரை இருக்கிறது. இருக்கமாட்டேன்.

10. அன்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சௌம்யா எங்கிருந்தோ ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை. "அம்மா, அவர் அன்னைக்கு என்ன சொன்னார்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் உங்களுக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அப்போதுதான் ஐயா எனக்குப் புத்தி வந்தது. மெஷினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளே அவள்தானே! அவள் காதில் அது ஏற்கெனவே இருக்கிறது. நான் அவளுக்கு என்று போட்ட பூட்டு எனக்கு மட்டும் விழுந்திருக்கிறது.

சொல்ல வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். என் புருஷன் என்னைப் பற்றிப் பேசியதை இன்னொருத்தி வாயால் கேட்க மாட்டேன். அவள் நல்லவிதமாகத்தான் சொல்லியிருப்பாள். எந்த இடத்தில் அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார் என்று அவளுக்குச் சொல்ல வருமா?

11. பிறகு நான்கு தடவை உங்கள் ஆபீசுக்கு வந்தேன். மூடியதைத் திறக்க வாரிசு கையெழுத்தோடு பதிவு செய்தவரின் கையெழுத்தும் வேண்டும் என்று விதி காட்டினார்கள். அவளிடம் போய் நிற்கமாட்டேன் என்று திரும்பி வந்தேன். மார்ச் மாதம் தபாலில் ஒரு கவர் வந்தது. நான் கேட்காமலேயே அவள் கையெழுத்து போட்டு அனுப்பியிருந்தாள். கடிதம் ஒன்றும் இல்லை, வெறும் கையெழுத்து. அதை இரண்டு மாதம் ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தேன். அவள் கொடுத்து நான் வாங்குவதா என்று இருந்தது. இன்னமும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் இதோடு இணைத்திருக்கிறேன்.

12. எனவே தங்களை வேண்டிக்கொள்வது: 22ஆம் பதிவை நான் மட்டும் கேட்கும்படி தாங்கள் தனி உத்தரவு போட முடியும் என்று மமதா அம்மா சொன்னார். போட்டால் நன்றியுடன் இருப்பேன். விதி இடம் கொடுக்கவில்லை என்றால் எல்லாருக்கும் திறந்துவிடுங்கள். அவள் புத்தகத்தில் எழுதட்டும், கண்காட்சியில் காபி டம்ளரோடு நிற்பவர்கள் காதில் மாட்டிக் கேட்கட்டும். போட்டோவையும் எடுக்கச் சொல்லவில்லை. முதலில் கேட்டவள் அவள், அதை இனி யாரும் மாற்ற முடியாது. இரண்டாவது ஆளாக இருக்கச் சம்மதிக்கிறேன்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு கிடைக்காது, வேறு எந்த நாள் சொன்னாலும் வருகிறேன்.

இணைப்பு: இறப்புச் சான்று நகல், வாரிசுச் சான்று நகல், செல்வி சௌம்யாவின் சம்மதக் கையெழுத்து.

இடம்: நீலசந்திரா
நாள்: 19.05.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
கோ. பாஞ்சாலி

மாமா, அன்றைக்கு அந்த மீனைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உன் பக்கம் திரும்பியிருந்தால், அந்த நாற்பத்தேழு நிமிஷத்தையும் என்னிடமே பேசியிருப்பாயா?