ஆறாவது டப்பா

ஜனவரி 6, திங்கள்

உத்திரமேரூர் கடைத்தெருவில் சேற்றுப்புண்ணுக்கு விற்கிற ஐந்து க்ரீம்களையும் வாங்கிவந்தாயிற்று. லேபிளை நம்பி என்ன செய்ய? சென்னை லேபுக்கு அனுப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் மிஞ்சுகிற மாதிரி ஒன்று செய்து லைசென்ஸ் வாங்கவேண்டும். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி சும்மாவா படித்தேன்?

இப்போது வீட்டில் நான் செய்கிற க்ரீமையும் ஆறாவது டப்பாவாகச் சேர்த்தேன். கொஞ்சம் திமிர்தான். என் மாமியார் சிட்டம்மாள்தான் அதற்கு விளம்பரம். நடவுக்குப் போகிற இருபத்தாறு பேருக்கும் அத்தைதான் தலைவி. "எம் மருமவ பண்ணதுடீ, ரெண்டே நாள்ல நமைச்சல் காணாம பூடும்" என்று வரப்பில் நின்று சொல்லியே எல்லோரையும் பூச வைத்துவிட்டார்.

ஜனவரி 9, வியாழன்

பார்சல் போய்விட்டது.

ஜனவரி 22, புதன்

ரிப்போர்ட். ஐந்து டப்பாவும் சுத்தம். ஆறாவதில் ஸ்டீராய்டு. அதுவும் கடுமையான ரகம்.

என்னுடையதிலா? நான் போட்டது வேப்பெண்ணெய், குங்கிலியம். அவ்வளவுதான்! மாறிப்போயிருக்கும் என்று போன் செய்தேன். "ரெண்டு வாட்டி டெஸ்ட் பண்ணிட்டோம் மேடம்" என்றாள் லேப் பெண்.

அந்த பேஸ். பக்கெட்டில் வாங்குகிறேனே, அந்த வெள்ளை க்ரீம். அதில்தான் எல்லாவற்றையும் கலக்கிறேன்.

ஜனவரி 23, வியாழன்

பேஸ் விற்ற மொத்த வியாபாரி கூசாமல் பேசுகிறான். "சாதாவா, ஸ்பெஷலான்னு கேட்டேன். நீங்கதானே மேடம் ஸ்பெஷல்னீங்க?"

"நல்ல குவாலிட்டின்னு நெனச்சேங்க!"

"ஸ்பெஷல்னா மருந்து போட்டது. இந்த லைன்ல எல்லாருக்கும் தெரியுமே."

அடப்பாவி. ஓட்டலில் தோசை கேட்கிற மாதிரி கேட்டான். நானும் தோசை சொல்கிற மாதிரி சொல்லியிருக்கிறேன். அப்படின்னா இன்னான்னு ஒரு வார்த்தை கேட்டனா? படிச்ச படிப்புல நெருப்பு வைக்க. எட்டு மாசம். இருபத்தாறு பேர்.

ஜனவரி 24, வெள்ளி

அத்தையிடம் சொன்னேன். க்ரீமில் இருக்கிற ஸ்டீராய்டு நமைச்சலை அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது, அது பாட்டுக்குப் பரவும் என்றேன்.

"இன்னா ஒளர்ற? அதான் ரெண்டு நாள்ல நிக்குதே."

பிறகு என்ன நினைத்தாரோ, கதவைச் சாத்திவிட்டுப் புடவையைத் தூக்கிக் காட்டினார். முழங்காலில் இருந்து தொடை வரை வட்டம் வட்டமாகப் படர்தாமரை. ஐயோ!

"மூணு மாசமா கீது. அதுக்கும் உன் க்ரீம்தான் போட்டுக்கினு கீறேன்."

வேறு யாருக்கு என்று கேட்டேன். "பாதி பேருக்கு. செல்லாயி மூஞ்சிலயே பூசிக்கினு கீறா, வெளுப்பா ஆவுதாம்." புடவையை இறக்கிவிட்டுக்கொண்டே, "வெளிய சொன்னா நம்ப மானம் இன்னா ஆவும் நிஷா?" என்றார்.

ஜனவரி 25, சனி

வயல் வரைக்கும் போனேன். வாய் வரவில்லை. திரும்பிவிட்டேன். கோழை.

ஜனவரி 27, திங்கள்

இன்றைக்கு அத்தையே நாற்றுக்கட்டைக் கீழே போட்டார். "எல்லாம் கரையேறுங்கடீ. நிஷா ஒரு சேதி சொல்லணுமாம்."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஸ்பெஷல் உட்பட.

செல்லாயி அக்கா முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே கத்தினாள். "பாவி, எம் மூஞ்சிய நாசம் பண்ணிட்டியேடி! நீ நல்லாருப்பியா?" யாரும் அவளைத் தடுக்கவில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன்.

ஜனவரி 30, வியாழன்

நடவை விட்டுவிட்டு இருபத்தாறு பேரும் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். செல்லாயி அக்கா பஸ்ஸில் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் எல்லோரையும் பார்த்தார். ஆறு வாரம் மாத்திரை. தழும்பு சிலருக்குப் போகாதாம். பிறகு பேனாவை எடுத்தார். "இந்த க்ரீமை யார் கொடுத்தது? புகார் எழுதணும்."

"சந்தைல வாங்கனோம் சார்" என்றார் அத்தை.

"எல்லாருமா?"

இருபத்தைந்து தலையும் ஆடின. செல்லாயி அக்கா ஒரு படி மேலே போனாள். "ஆமா சார். மீசக்காரன் ஒருத்தன் கூடைல எடுத்துக்கினு வந்தான்."

அன்றைக்கு அப்படித் திட்டினவளா இவள்?

"மீசக்காரன் யாரும் இல்ல சார். நான்தான் செஞ்சு குடுத்தேன்."

செல்லாயி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பேர் சொல்லும்மா." சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார். "அதுக்குக் கீழ சிட்டம்மாள்னு எழுது சார். பூசச் சொன்னது நானு."